புதுப்பிப்பு: பால் மறந்த பன்றிக்குட்டிகள் தீவனம் தொடவில்லை, சாக்கரின் பலித்தது

28 நாளில் தாயிடமிருந்து பிரித்த வெண்பன்றிக் குட்டிகள் தீவனத்தை முகர்ந்துவிட்டு நகர்கின்றன, என்ன சேர்க்கலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

முதலில் மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகு), 5 சதம். தின்றன, ஆனால் கழிச்சல். தொட்டி மூலையில் ஒட்டிப் புளித்து ஈயும் மொய்த்தது.

பலித்தது சோடியம் சாக்கரின் என்ற செயற்கை இனிப்பைச் சேர்க்கும் யோசனைதான். அளவு டன்னுக்கு 150 கிராம். 100 கிலோ தீவனத்துக்கு 15 கிராம். அப்படியே கொட்டிக் கிளறக் கூடாது. ஓரிடத்தில் குவிந்தால் கசக்கும், குட்டி அந்தத் தொட்டியையே ஒதுக்கிவிடும். 1 கிலோ மக்காச்சோள மாவில் கலந்து, அதை 10 கிலோ தீவனத்தில் கலந்து, பிறகுதான் மொத்தத்தில் சேர்க்க வேண்டும். தாயோடு இருக்கும்போதே வைக்கும் குட்டித் தீவனத்திலும் இதே அளவு போட்டால் பிரித்த அன்றே பழகிய ருசி இருக்கும்.

எதிர்பாராதது: தீனி கூடியதோடு மலமும் கெட்டிப்பட்டது. குடலில் உள்ள இனிப்பு உணரியை சாக்கரின் தூண்டுகிறது; குளுக்கோஸை உறிஞ்சும் புரதம் அதனால் கூடுகிறது. கழிச்சல் குறைய அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். புளித்த மொலாசஸ் நின்றதும் உதவியிருக்கும்.

அஸ்பார்டேம் சொன்னவர்களுக்கு: அந்தச் செயற்கை இனிப்பு பன்றி நாக்குக்கு இனிக்காது, காசுதான் வீண். நன்றாகத் தின்னும் வளர்ந்த பன்றிக்கு சாக்கரினும் தேவையில்லை.