இலங்கையில் பத்து நாள்: யாழ்ப்பாணம், சிகிரியா, கண்டி, தேயிலைத் தோட்டம் எல்லாம் ஒரே பயணத்தில் முடியுமா?

கேள்வி (சுங்கை சிப்புட் மகள்):

அனைவருக்கும் வணக்கம். வரும் ஆடிக் கடைசியில் அம்மாவையும் பதினைந்து வயது மகனையும் அழைத்துக்கொண்டு இலங்கைக்குச் சென்றுவர எண்ணியிருக்கிறேன். பத்து நாளுக்கு மேல் விடுப்புக் கிடைக்காது.

அம்மா எங்கள் மலேசியத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறிய பிறகுதான் தாமானுக்கு, அதாவது நகர வீட்டுக் குடியிருப்புக்கு, வந்தோம். அவருடைய தாத்தா சேலத்துப் பக்கத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியபோது, தாத்தாவின் தம்பி கண்டிச் சீமைக்குப் போய்விட்டார் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த மலைத் தோட்டங்களைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. மகனுக்குச் சிகிரியாக் குன்றில் ஏற வேண்டும். எனக்கு யாழ்ப்பாணத்து நல்லூர்க் கந்தனைத் தரிசிக்க வேண்டும். நான் கேட்ட பயண முகவரோ கொழும்பு, கண்டி, காலி மூன்றுடன் முடித்துக்கொள்ளச் சொல்கிறார். அம்மாவுக்கு மூட்டு வலி இருக்கிறது. எந்த வரிசையில் போகலாம், எதை விட்டுவிடலாம் என்று சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 (ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்):

சகோதரி, முதலில் மழையைப் பார்த்துவிட்டுப் பிறகு ஊர்களைத் தேர்ந்தெடுங்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கொழும்பு, காலி, மலையகத்தின் மேற்குச் சரிவு ஆகியவற்றை நனைக்கும். யாழ்ப்பாணமும் திருகோணமலையும் அந்த மாதங்களில் காய்ந்து கிடக்கும். அவற்றுக்கான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். ஆகவே நீங்கள் போகும் காலத்தில் காலியை விட்டுவிடுவதில் இழப்பில்லை. கோட்டை அழகானதுதான், ஆனால் கடல் கொந்தளிப்பாக இருக்கும்.

இன்னொரு நல்ல பொருத்தமும் இருக்கிறது. நல்லூரில் ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறி, 25 நாள் திருவிழா நடக்கும். கண்டியில் யானைகளோடு இரவு ஊர்வலமாக நடக்கும் பெரஹராத் திருவிழா பெரும்பாலும் அந்த அமாவாசையை அடுத்து வரும் பௌர்ணமியோடு நிறைவடையும். கொடியேற்றத்தையொட்டி யாழ்ப்பாணத்தில் இருந்துவிட்டுத் தெற்கே இறங்கி வந்தால், கண்டியின் கடைசி இரவு ஊர்வலங்களுக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். நல்லூர்த் தேர் 24ஆம் நாள் என்பதால் அது உங்களுக்குக் கிடைக்காது. நாள்கள் ஆண்டுதோறும் மாறும் என்பதால் பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டு விமானச் சீட்டு வாங்குங்கள்.

கண்டி ஊர்வலம் புத்தரின் புனிதப் பல்லுக்கானது என்று மட்டுமே பலர் நினைக்கிறார்கள். அந்தப் பல்லை வைத்திருக்கும் தலதா மாளிகையின் யானைக்குப் பின்னால் நாதர், விஷ்ணு, கதிர்காமத்தார், பத்தினித் தெய்வம் ஆகியோரின் ஆலய ஊர்வலங்களும் வரும். கதிர்காமத்தார் நம் முருகன், பத்தினி நம் கண்ணகி. நல்லூரில் முருகனைக் கண்ட அதே பயணத்தில், சிங்கள மக்கள் அவரை எப்படிக் கொண்டாடுகிறார்கள் என்பதையும் காண்பது பெரும் பேறு. இதற்காகவே இரண்டு ஊர்களையும் சேர்த்துப் பார்க்கச் சொல்கிறேன்.

என் யோசனை இது: கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, சிலாபம் முன்னேசுவரத்தை வணங்கி, அனுராதபுரத்தில் தங்குங்கள். பிறகு யாழ்ப்பாணத்தில் மூன்று இரவுகள், திருகோணமலையில் ஓர் இரவு, சிகிரியாவுக்குப் பக்கத்து ஊரான ஹபரணையில் இரண்டு, கண்டியில் ஒன்று, கடைசியாக நுவரெலியாவில் ஒன்று. திருகோணமலையில் கோட்டைக்குள் மான்கள் திரியும் பாதையில் நடந்து, கடலுக்கு மேல் செங்குத்தாக நிற்கும் பாறையில் கோணேசுவரரைத் தரிசிக்கலாம். சம்பந்தர் பதிகம் பெற்ற தலம். பழைய கோயிலைப் போர்த்துக்கீசியர் இடித்துக் கடலில் தள்ளினார்கள். இப்போதுள்ளது பின்னாளில் எழுப்பப்பட்டது.

பதில் 2 (சிம்மோர் வாசகன்):

அக்கா, சிகிரியாவுக்கு மகனை விடியற்காலையில் அனுப்புங்கள். ஏறத்தாழ 1,200 படிகள். வெயில் ஏறிவிட்டால் பாறை கொதிக்கும். 5ஆம் நூற்றாண்டில் காசியப்பன் கட்டிய அரண்மனையின் அடித்தளம்தான் உச்சியில் இருக்கிறது. ஓவியங்கள் பாதி வழியிலும், சிங்கப் பாதங்கள் அதற்கு மேலும் வரும். அம்மா கீழே அகழிக்கரைத் தோட்டத்தில் இருக்கலாம், அங்கே தரை சமமானது.

ஆனால் பொலன்னறுவையை யாரும் குறிப்பிடாதது எனக்கு வருத்தம். ஹபரணையிலிருந்து பக்கம்தான். 993இல் அனுராதபுரத்தை வென்ற சோழர்கள் தலைநகரைப் பொலன்னறுவைக்கு மாற்றி, அதற்கு ஜனநாதமங்கலம் என்று பெயரிட்டார்கள். அவர்கள் கல்லால் கட்டிய வானவன் மாதேவீச்சரம் என்ற சிவன் கோயில் இன்றும் நிற்கிறது. சிறிய கோயில்தான். சுவரில் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. உங்கள் மகன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன் என்றால், அந்தச் சுவரின் முன் நின்று ஓர் எழுத்தையாவது கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில், ஒரே பாறையில் குடைந்த கல்விகாரைப் புத்தர் சிலைகள் இருக்கின்றன. படி ஏறும் சிரமம் அதிகமில்லாததால் அம்மாவுக்கும் ஏற்ற இடம்.

பதில் 3 (மலையகத்து மருமகள்):

ஆசிரியர் ஐயாவின் வரிசை சிறந்தது. ஆனால் மலையகத்துக்கு ஓர் இரவு போதாது என்று பணிவுடன் சொல்கிறேன். இந்தப் பயணமே அம்மாவுக்காக என்றால், அங்கேதான் நாள் அதிகம் வேண்டும். என் கணவர் குடும்பம் தலவாக்கலைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்தது.

நுவரெலியா நகரத்தில் குதிரைப் பந்தயத் திடலையும் வெள்ளைக்காரர் பங்களாக்களையும் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் தோட்டத்தைப் பார்க்காமலே வந்துவிடுகிறார்கள். காலையில் பெரட்டு (வேலைக்குப் பெயர் கூப்பிடுவது) முடிந்து பெண்கள் மலையேறும் நேரத்தில் போய் நில்லுங்கள். தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுப் பை தொங்க, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளி, கை நிறைந்ததும் தோளுக்கு மேலாகப் பின்னால் வீசுவார்கள். பார்வை அடுத்த செடியிலேயே இருக்கும். மலை செங்குத்தானது, மண் வழுக்கும். பிறகு கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதுவதைப் பார்த்தால், ரப்பர் பாலை எடைபோட்ட காலம் அம்மாவுக்கு நினைவுக்கு வரும். தொழிற்சாலையின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டும்போது எழும் பச்சை மணம், கீழே அரைத்துப் புளிக்க வைக்கும் இடத்தில் வேறாக மாறிவிடும்.

இந்த மக்களின் வரலாற்றையும் மகனுக்குச் சொல்லி அழைத்துப் போங்கள். முதலில் காப்பித் தோட்டங்களுக்காகத்தான் அழைத்து வரப்பட்டார்கள்; 1869க்குப் பிறகு இலை நோயில் காப்பி அழியவே, தேயிலை பரவியது. விடுதலை கிடைத்த 1948இலேயே குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தப்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களின் நிலை 2003 குடியுரிமைச் சட்டத்தால்தான் பெருமளவு தீர்ந்தது. இன்றும் பல குடும்பங்கள் லயத்திலேயே, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளிலேயே, வாழ்கின்றன. அனுமதி கேட்காமல் யாரையும் படம் பிடிக்காதீர்கள். அம்மா பேச்சுக் கொடுத்தால் அவர்களே தேநீர் கொடுத்து உட்கார வைப்பார்கள்.

ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) நாள்களில் பறிப்பு இருப்பது அரிது. அந்தப் பருவத்தில் தூறலும் குளிரும் உண்டு. அம்மாவுக்குக் கம்பளிச் சட்டை கட்டாயம். கண்டியிலிருந்து நுவரெலியாவுக்கு அருகிலுள்ள நானுஓயா நிலையம் வரை ரயிலில் வந்தால் முழங்காலை நீட்டி உட்காரலாம். மண்சரிவால் பாதை மூடப்படுவதுண்டு என்பதால் ஓடுகிறதா என்று முன்பே விசாரியுங்கள்.

சுங்கை சிப்புட் மகள்:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தை இரண்டு முறை படிக்கச் சொன்னார். திருகோணமலையை இம்முறை விட்டுவிட்டு, அந்த இரவை மலையகத்துக்குக் கொடுக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து நேரே ஹபரணைக்கு இறங்கிவிடுவோம். பெரஹராவில் அம்மா எங்கே உட்காருவது என்பது மட்டும் கவலையாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர்:

சரியான முடிவு, சகோதரி. அந்த மாற்றத்தால் கண்டிக்கு ஒரு நாள் முந்திவிடாதபடி நாள்களை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரஹராவுக்காக நடைபாதையில் பாய் விரித்து மணிக்கணக்காகக் காத்திருப்பது அம்மாவுக்கு ஆகாது. ஊர்வலம் போகும் வீதியில் உள்ள கடைகளும் விடுதிகளும் நாற்காலிக்குக் கட்டணம் வாங்கி இடம் தருவார்கள். கழிப்பறை உள்ள இடமாகப் பார்த்து, தங்கும் அறையோடு சேர்த்து இப்போதே பதிவு செய்துவிடுங்கள். பிற்பகலிலேயே வீதிகளை அடைத்துவிடுவார்கள் என்பதால், வெயில் தாழ்வதற்கு முன் அம்மா தம் நாற்காலியில் இருக்க வேண்டும்.