டி.சி இல்லாமல் ஆறாம் வகுப்பில் சேர்க்க முடியுமா?

வணக்கம். பள்ளி திறக்கப் போகுது. மகளை ஆறாவதுக்கும் மகனை மூணாவதுக்கும் எங்க ஊர் அரசு நடுநிலைப் பள்ளிக்கு மாத்துறோம். பழைய தனியார் பள்ளியில், ஃபீஸ் பாக்கியைக் கட்டினால்தான் டி.சி என்கிறார்கள். 2009 கல்வி உரிமைச் சட்டம் 5ஆவது பிரிவுப்படி, டி.சி தாமதமானாலும் சேர்க்கையை மறுக்கக் கூடாது. சரி, எமிஸ் (மாணவர் விவரங்களைப் பதியும் பள்ளிக்கல்வித் துறை இணையதளம்)? பழைய பள்ளி அதிலிருந்து பிள்ளைகள் பெயரை விடுவிக்காவிட்டால் என்ன செய்வது? யாரைப் பார்க்கணும், வட்டாரக் கல்வி அலுவலரையா?

ஆறாவதிலிருந்தே அரசுப் பள்ளியில் (அல்லது அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில்) படித்தால்தான் பெண்பிள்ளைகளுக்குக் கல்லூரியில் சேர்ந்ததும் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், அதான் இந்த அவசரம். (காலை உணவு ஐந்தாவது வரைதான், தம்பிக்கு மட்டும் பொங்கல் என்று இப்பவே சண்டை!)

அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.