மறு: சூடேறிய பிரேக்கின் பிடி குறைவதற்கு என்ன சொல்? ‘பிடிச்சோர்வு’ என்பது என் முன்மொழிவு

குழும நண்பர்களுக்கு வேலூரிலிருந்து வணக்கம்.

பழைய ஊர்திகளைப் புதுப்பிப்போருக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், தொடர்ந்து மிதித்ததால் சூடேறிய பிரேக் சரிவரப் பிடிக்காமல் போகும் நிலைக்கு ‘நிறுத்தி மங்கல்’ என்று சேலத்து நண்பர் எழுதியிருந்ததைப் படித்தேன். அவருடைய உழைப்பின் மீது எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. ஆயினும் இச்சொல்லை என்னால் ஏற்க இயலவில்லை. மங்குவது விளக்கும் சாயமும்தான். பிரேக் மங்கியது என்று தமிழில் எவரும் சொல்லிக் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் சாயம் வெளுப்பதற்கும் இதற்கும் ‘ஃபேட்’ (fade) என்ற ஒரே சொல் அமைந்தது அம்மொழியின் வழக்கு. அதை நாமும் சுமக்க வேண்டியதில்லை.

இந்தச் சொல்லைப் பற்றி நான் இவ்வளவு அக்கறையோடு எழுதுவதற்குக் காரணம், சென்ற கோடையில் ஏலகிரி மலையிலிருந்து இறங்கிய ஒரு பயணம். என் நண்பரிடம் 1952ஆம் ஆண்டைச் சேர்ந்த எம்.ஜி. டி.டி. என்ற திறந்த இருக்கை விளையாட்டுக் கார் ஒன்று இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும் ஒன்பது அங்குல டிரம் பிரேக்; அதாவது சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில், லைனிங் என்னும் உராய்வுப் பட்டை ஒட்டிய ஷூ விரிந்து உரசிப் பிடிக்கும் வகை. முன்பக்கம் சுருள்வில், பின்பக்கம் பட்டைவில். புலவர்கள் பெயரையும் வள்ளல்கள் பெயரையும் தாங்கிய பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் இறங்கியிருந்தபோது, கருகிய மணம் ஒன்று முதலில் வந்தது. அடுத்த வளைவில் நண்பர் முழு வலிமையோடு மிதித்தார். மிதி வழக்கமான உயரத்திலேயே நின்றது, கல்லைப் போல இறுகியும் இருந்தது. ஆனால் வண்டி நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு மாற்றி, மலைச்சுவரை ஒட்டி மெல்ல மெல்ல நிறுத்தினோம். எங்களுடன் பின்னால் வேறொரு வண்டியில் வந்த பட்டறைக்காரர் பாய் இறங்கி வந்து, சக்கரத்தின் அருகே புறங்கையைக் காட்டிப் பார்த்துவிட்டு, “பிரேக் போயிடல சார், சோந்து போயிருக்கு. அரை மணி நேரம் ஆற விடுங்க, தானா பிடிக்கும்” என்றார். அவர் சொன்னபடியே பிடித்தது.

அந்த ஒரு வாக்கியத்தில் நமக்கு வேண்டிய சொல் முழுவதும் இருக்கிறது என்பது என் துணிபு. பிரேக் செய்யும் வேலைக்குத் தமிழன் வைத்திருக்கும் வினை ‘பிடி’ என்பதே. ‘பிரேக் பிடிக்கிறது’, ‘பிடிக்கவில்லை’, ‘ஒரு பக்கம் பிடித்து இழுக்கிறது’ என்று லாரி ஓட்டுநர் முதல் மிதிவண்டி ஓட்டும் சிறுவன் வரை அனைவரும் சொல்கிறோம். சோர்வு என்பதோ, உழைப்பால் வந்து ஓய்வால் நீங்குவது. சூட்டினால் வரும் இந்தக் குறையின் தனித்தன்மையும் அதுவே. தேய்வு நீங்காது, உடைவு நீங்காது, ‘தளர்ச்சி’ என்றாலோ, ஆணி தளர்ந்ததா, கம்பி தளர்ந்ததா என்ற ஐயம் எழும். ஆகவே ‘பிடிச்சோர்வு’ என்று முன்மொழிகிறேன். ஆற விட்டபின் வலிமை திரும்புவதைப் ‘பிடிமீட்சி’ எனலாம்.

ஒற்று மிகுமா என்று ஐயுறுவோருக்கு: இது பிடியின் சோர்வு என விரியும் ஆறாம் வேற்றுமைத் தொகை, புலித்தோல் என்பதில் மிகுவது போலவே இங்கும் மிகும். பிடி என்பது சங்கப் பாடல்களில் பெண் யானையைக் குறிக்கும் என்று ஓர் அம்மையார் முந்தைய மடலில் நினைவூட்டியிருந்தார். அழகான நினைவூட்டல்தான், எனினும் பட்டறையில் இச்சொல்லைக் கேட்பவர் எவரும் யானையை எண்ணப்போவதில்லை.

இனி, சூட்டினால் வரும் குறைகள் அனைத்தையும் ஒரே சொல்லில் அடக்கலாமே என்று கோவை ஐயா கேட்டிருந்ததற்கு விரிவாகவே விடை சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அங்குதான் உயிருக்கே ஆபத்து இருக்கிறது. மூன்று வெவ்வேறு குறைகள் உள்ளன. மூன்றையும் ஓட்டுபவருடைய கால் தனித்தனியே அறியும். முதலாவது நாங்கள் கண்டது: லைனிங்கில் உள்ள பிணைப்புப் பிசின் சூட்டில் சிதைந்து, உராய்வு குறைந்து, மிதி இறுகியிருந்தும் பிடி இல்லாத நிலை. இரண்டாவது, டிரம் சூட்டில் விரிந்து பிரேக் ஷூவை விட்டு விலகுவதால் மிதி வழக்கத்தைவிட ஆழமாகச் சென்று பிடிப்பது. இதை ‘மிதிநீட்சி’ எனலாம். சக்கரத்தோடு சுழலும் வட்டை இருபுறமும் பேடு என்னும் உராய்வுக் கட்டைகள் கவ்விப் பிடிக்கும் வட்டு பிரேக்கில் இது நேராது. வட்டு விரிந்தால் இருபுறமும் உள்ள பேடுகளை நோக்கியே விரியும். மூன்றாவது, பிரேக் எண்ணெய் கொதித்து ஆவிக்குமிழிகள் உண்டாகி, மிதி பஞ்சு போல் அமுங்கித் தரையைத் தொடுவது. இதற்கு ‘மிதித்தொய்வு’ என்பது பொருந்தும்.

மூன்றுக்கும் மருந்து வேறு. பிடிச்சோர்வுக்கு லைனிங்கை மாற்ற வேண்டும், காற்றோட்டம் தர வேண்டும், அல்லது வட்டு பிரேக்குக்கு மாற வேண்டும். மிதிநீட்சியைக் கண்டு அஞ்சி, சூடாக இருக்கும்போதே ஷூவை நெருக்கி வைத்துவிட்டால், ஆறியபின் டிரம் சுருங்கிச் சக்கரத்தையே இறுக்கிவிடும். மிதித்தொய்வுக்கு எண்ணெயை மாற்றுவதே வழி. டாட் 3 (DOT 3) என்ற தரவகை எண்ணெய் புதியதாக இருக்கும்போது 205 பாகை செல்சியசு வரையேனும் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தரவிதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140 பாகைக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 வகைக்கு அவை 230, 155. எண்ணெய் ஆண்டுக்கணக்கில் மாற்றப்படாமல் கிடக்கும் பழைய காரில், மலையிறக்கத்தில் எந்த எண் நமக்குப் பொருந்தும் என்று சொல்லத் தேவையில்லை. ஏலகிரியிலிருந்து வந்த மறுநாள், நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் நண்பர் ‘பிரேக் ஃபெயில் ஆகிவிட்டது’ என்று மட்டும் சொல்ல, அவர்கள் ஏர் எடுத்து (குழாயில் சிக்கிய காற்றை நீக்கி), எண்ணெய் ஊற்றி, பணம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். குறை இருந்த லைனிங்கை எவரும் கழற்றிப் பார்க்கவில்லை. பாய் பிறகு கழற்றிக் காட்டியபோது அதன் முகம் கண்ணாடி போல் பளபளத்தது. விரல் வைத்தால் வழுக்கியது. சரியான சொல் அன்று நண்பரின் வாயில் இருந்திருந்தால், அந்தப் பட்டறையிலேயே டிரம்மைக் கழற்றியிருப்பார்கள்.

இந்தக் காரில் பிடிச்சோர்வு ஏன் இவ்வளவு கடுமையாக வந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இதன் முன்சக்கர டிரம்களில் ஷூ இரண்டுமே முன்னோட்ட ஷூ. அதாவது, சுழலும் டிரம்மே அவற்றைத் தன்னை நோக்கி இழுத்து, மிதித்த வலிமையைப் பெருக்கிக் கொடுக்கும். நல்ல நேரத்தில் இது பெரிய வசதி. ஆனால் பெருக்குவது உராய்வு என்பதால், உராய்வு கால் பங்கு குறைந்தால் பிடி கால் பங்குக்கும் மேலாகக் குறைகிறது. வட்டு பிரேக்கில் இந்தத் தற்பெருக்கம் இல்லை. அதனால் மிதிக்கக் கூடுதல் வலிமை வேண்டும், ஆனால் சூட்டில் அது ஏமாற்றாது. வட்டுக்கான காப்புரிமையை இங்கிலாந்தில் பொறியாளர் லாஞ்செஸ்டர் 1902இலேயே பெற்றிருந்தும், 1953ஆம் ஆண்டு பிரான்சின் லெ மான் கார்ப் பந்தயத்தில் டன்லப் வட்டு பிரேக் பூட்டிய ஜாகுவார் சி-டைப் வென்ற பிறகே விளையாட்டுக் கார் உலகம் அதன் பக்கம் திரும்பியது.

சூட்டின் அளவை உணர ஒரு கணக்கு. என்ஜின் வேகத்தைத் தடுத்திழுப்பதையும் காற்றின் தடையையும் ஒதுக்கிவிட்டால், 100 மீட்டர் உயரம் இறங்கும்போது பிரேக் ஏற்கும் ஆற்றல், அதே வண்டியை 100 கிலோமீட்டர் வேகத்திலிருந்து இரண்டரை முறை நிறுத்துவதற்குச் சமம். வண்டியின் எடை எதுவாயினும் இந்த விகிதம் மாறாது. மலையிறக்கத்தில் இரண்டாம் கியர் என்று நம் பெரியவர்கள் சொல்வது, இந்தச் சுமையில் ஒரு பங்கை என்ஜின் தாங்கட்டும் என்பதற்காகத்தான்.

‘டிரம்’ என்பதற்கு முன்மொழியப்பட்ட ‘குடம்’, ‘உருளை’ இரண்டையும் விட்டுவிட வேண்டுகிறேன். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுக்கட்டைக்குக் குடம் என்ற பெயர் ஏற்கெனவே இருக்கிறது. உருளையோ சிலிண்டருக்கு வழங்கிவிட்டது, பிரேக்கிலேயே சக்கர உருளை (வீல் சிலிண்டர்) ஒன்று இருக்கிறது. ‘பிரேக்’, ‘டிரம்’ இரண்டும் தமிழாகிவிட்டன. பிரேக்குக்கான வார்ப்பிரும்பு உறுப்புகளை வார்க்கும் ஆலை நம் சோளிங்கரிலேயே இயங்குகிறது. அங்கே நாள் முழுதும் இவற்றைக் கையாளும் தொழிலாளர் வாயில் நிற்காத சொல்லை நாம் ஏட்டில் எழுதி என்ன பயன்?

சஸ்பென்ஷனுக்கு, அதாவது வண்டியின் உடலைச் சக்கரங்களின் மேல் வில்லால் தாங்கும் அமைப்புக்கு, வருகிறேன். ‘தொங்கல்’ என்பது பொருந்தவில்லை. வண்டியின் உடலை அந்த அமைப்பு தாங்குகிறதே தவிர, எதுவும் தொங்குவதாக ஓட்டுபவர் உணர்வதில்லை. ‘தாங்கல்’ என்று ஒருவர் திருத்தினார். வட ஆர்க்காட்டானாகிய எனக்கு அது உடனே சிற்றேரியைத்தான் நினைவூட்டும். ஊர்ப்பெயர்களிலேயே அது நிறைந்திருக்கிறது. ‘தாங்கமைப்பு’ என்றால் குழப்பம் இல்லை. ஸ்பிரிங்குக்கு ‘வில்’ போதும். வில்வண்டி என்று நம் தாத்தாக்கள் வழங்கிய சொல்லில், வில் வைத்துத் தாங்கிய வண்டி என்ற பொருள் தெளிவாகவே இருக்கிறது.

‘ஷாக் அப்சார்பர்’ என்பதற்கு ‘அதிர்ச்சி உறிஞ்சி’ என்பது ஆங்கிலப் பெயரில் உள்ள பிழையையும் சேர்த்துப் பெயர்ப்பதாகும். பள்ளத்தின் அடியை ஏற்பது வில். ஏற்றபின் வில் மேலும் கீழும் ஆடிக்கொண்டே இராமல் அந்த ஆட்டத்தை எண்ணெயின் தடையால் அடக்குவதே இக்கருவியின் வேலை. எனவே ‘அலைவடக்கி’. பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நூலின் ‘தடையுறு அலைவு’ என்பதோடும் இது இசைகிறது. இது வெறும் சொல் நயம் அன்று. நண்பர் வட்டு பிரேக் வாங்கப் பணம் திரட்டியபோது, பாய் முதலில் பின்பக்க நெம்புகோல் அலைவடக்கிகளைச் செப்பனிடச் சொன்னார். மூலையை அழுத்தி விட்டால் வண்டி மூன்று நான்கு முறை ஆடியது. அந்த நிலையில் மேடுபள்ளத்தில் பிரேக் போட்டால் சக்கரம் துள்ளி, டயர் சாலையை விட்டு எழும்; எழுந்த டயரை எந்த பிரேக் பிடித்து நிறுத்தினாலும் வண்டி நிற்க அது உதவாது. டயருக்கும் சாலைக்கும் உள்ளதைப் ‘பிடிப்பு’ என்றும், பிரேக்குக்கு உரியதைப் ‘பிடி’ என்றும் பட்டியலில் பிரித்து எழுதினால் இந்த வேறுபாடு நிலைக்கும்.

அலைவடக்கி அமுங்கும்போது தரும் தடைக்கும் நீளும்போது தரும் தடைக்கும் மட்டும் எனக்கு இன்னும் மனநிறைவான சொற்கள் கிட்டவில்லை. ‘அமுக்கத்தடை’, ‘விரிவுத்தடை’ என்று தற்காலிகமாகக் குறித்து வைத்திருக்கிறேன். ஜவ்வாது மலைப் பாதையில் பேருந்தோ லாரியோ ஓட்டும் உறவினர் உள்ள நண்பர்கள், வண்டி பள்ளத்தில் இறங்குவதற்கும் எகிறி எழுவதற்கும் அவர்கள் என்ன சொல் ஆள்கிறார்கள் என்று கேட்டு எழுதினால், அதை வைத்து இந்த இரண்டையும் முடித்துவிடலாம்.