சுவர் ஓவியம் – தன்னார்வலர் குழு

செல்வி: அக்கா, சுவரோட அடியில வெள்ளையா மாவு மாதிரி பூத்திருக்கு. தண்ணி அடிச்சுக் கழுவிடவா?

மாலதி அக்கா: கழுவாத. அது உப்பு. தண்ணி பட்டா கரைஞ்சு உள்ள போயிடும், காயும்போது திரும்ப வெளிய வரும். காய்ஞ்ச பிரஷ்ஷால தேய்ச்சு எடு. அப்புறம் ஒன்றரை அடிக்கு பிளாஸ்டிக் ஷீட் வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடு. உள்பக்கம் முத்து முத்தா தண்ணி நின்னா சுவர் ஈரம் இழுக்குதுன்னு அர்த்தம்.

ரவி: இழுத்தா?

மாலதி அக்கா: அடியில ஒரு அடிய விட்டுட்டு மேல வரைவோம். ஈரத்து மேல பெயின்ட் அடிச்சா தோல் தோலா உரியும், எத்தனை கோட் அடிச்சாலும்.

ரவி: பெயின்ட்டுக்கு முன்னாடி அடிக்கிற பிரைமர் ஒரு லிட்டர் போதுமா? 12க்கு 6 அடி.

பாஸ்கர் அண்ணன்: 72 சதுர அடி, சுவரும் சொரசொரப்பு. ஒரு கோட்டுக்கே சரியாப் போயிடும். ரெண்டா வாங்கு.

மாலதி அக்கா: படம் 12க்கு 6 இன்ச் தாள்ல இருக்கு. ஒரு இன்ச் கட்டத்துக்கு சுவர்ல ஒரு அடிக் கட்டம். பாஸ்கர், நூல் அடிச்சுக் குடுத்துடுங்க. கோடு எல்லாம் சாக்பீஸ்லதான். மார்க்கர் வேண்டவே வேண்டாம், மை பெயின்ட்டைத் தாண்டி மேல ஊறி வந்துடும்.

செல்வி: பசங்களுக்கு எந்தக் கலர் எங்கன்னு எப்படிச் சொல்றது?

மாலதி அக்கா: ஒவ்வொரு பகுதியிலயும் 1, 2, 3ன்னு நம்பர். அதே நம்பர் கப்லயும். கப்ல கால்வாசிக்கு மேல ஊத்தாதீங்க. ஒரு இன்ச் தட்டை பிரஷ். பக்கத்துப் பக்கத்துப் பகுதியை ஒரே நேரத்துல குடுக்காதீங்க, ஈரத்துல கலர் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்.

ரவி: கலர் அங்கேயே வெள்ளை பெயின்ட்ல ஸ்டெய்னர் (கலர் ஏத்தற திரவம்) போட்டுக் கலக்கிக்கலாமா?

பாஸ்கர் அண்ணன்: வெளிர் கலர்னா சரி, ஆனா மொத்தத்தையும் ஒரே தடவைல கலக்கணும். ரெண்டாவது கலவை ஒத்தே வராது. அடர் கலர் கடையில மெஷின்லயே போட்டு வாங்கு. ஸ்டெய்னர் அதிகமானா காயவே காயாது, பிசுபிசுங்கும், மழைக்கு வடியும்.

மாலதி அக்கா: காய்ஞ்சா கொஞ்சம் அடர்த்தியாத் தெரியும். அட்டையில தடவி, காயவிட்டுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க. மஞ்சள் மட்டும் மூணு கோட் கேக்கும், அடியில நல்ல வெள்ளை இருக்கணும்.

செல்வி: காலையிலயே ஆரம்பிக்கலாமா? 👍

மாலதி அக்கா: அந்தச் சுவர் கிழக்குப் பார்த்தது. வெயில்ல பிரஷ் வைக்கும்போதே காய்ஞ்சு, விட்ட இடமெல்லாம் கோடாத் தெரியும். மதியம் 3 மணிக்கு மேல வாங்க.

அப்புறம் பெரியவங்களுக்கு: பசங்க கையிலேர்ந்து பிரஷ்ஷை வாங்கி "சரி" பண்ணாதீங்க. கோட்டைத் தாண்டினா தாண்டட்டும். கடைசியில கறுப்பு அவுட்லைன் விரல் தடிமனுக்கு நான் இழுக்கும்போது எல்லாம் அதுக்குள்ள போயிடும். அதுக்குத்தான் அவ்வளவு தடிமன்.

ரவி: பழைய சட்டை எல்லாருக்கும் சொல்லிடறேன்.

மாலதி அக்கா: ஆமா. காய்ஞ்சுட்டா துணியிலேர்ந்து போகாது. ரெண்டு பக்கெட் தண்ணி, பிரஷ் ஊறப் போட ஒண்ணு, அலச ஒண்ணு.