இடுப்பு மூட்டு மாற்று: முன்பக்கமா, பின்பக்கமா?

பெரம்பூர் மகன்:
அப்பாவுக்கு வயது 68, இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. அண்ணா நகரில் பார்த்த மருத்துவர் முன்பக்கமாகச் செய்யலாம், தசையை வெட்ட வேண்டியதில்லை என்கிறார். கீழ்ப்பாக்கத்தில் பார்த்தவர் பின்பக்கம்தான் தன் வழி என்கிறார். எதற்குச் சம்மதிப்பது?

நங்கநல்லூர் சந்திரா:
யோசிக்கவே வேண்டாம், முன்பக்கம். தசைகளின் இடைவெளியில் புகுந்தே மூட்டை அடைந்துவிடுகிறார்கள். என் கணவர் மறுநாளே வாக்கருடன் நடந்தார். பின்பக்கத்தில் தொடையைத் திருப்பும் சிறு தசைகளை அறுத்துத் தைக்கிறார்கள். அதனால்தான் மூட்டு நழுவும் பயம். 90 டிகிரிக்கு மேல் குனியாதே, கால் மேல் கால் போடாதே என்று வாரக்கணக்கில் காவல்.

தாம்பரம் பிசியோ:
பின்பக்கமாகச் செய்துகொண்டவர்களையும் மறுநாள் நடக்க வைக்கிறோம், அம்மா. முதல் சில வாரங்களில் முன்பக்கத்தாருக்கு வலி சற்றுக் குறைவுதான், மறுக்கவில்லை. சில மாதங்கள் கழித்து இருவரையும் நடக்கவிட்டால் வித்தியாசம் சொல்வது கடினம். மூட்டைச் சுற்றியுள்ள உறையையும் சேர்த்துத் தைக்கும் வழக்கம் வந்த பிறகு நழுவுவதும் வெகுவாகக் குறைந்துவிட்டது. முன்பக்கத்தின் மறுபுறத்தையும் சொல்லுங்கள்: தொடையின் வெளிப்பகுதி மரத்துப்போகலாம், செயற்கை மூட்டின் உலோகத் தண்டை இறக்கும்போது தொடை எலும்பில் விரிசல் விழலாம். இந்த முறைக்குப் புதிதாக வந்த மருத்துவர் கையில் இவை கூடுதல். விளம்பரப் பலகையில் இதெல்லாம் இருக்காது.

நங்கநல்லூர் சந்திரா:
என் கணவருக்கு இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. அவர் அதைச் சட்டை செய்வதில்லை. நழுவிய மூட்டோடு நள்ளிரவில் ஆம்புலன்ஸ் ஏறுவதைவிட இது எவ்வளவோ மேல்.

வில்லிவாக்கம் வாசகர்:
பக்கவாட்டு வழியை இருவரும் மறந்துவிட்டீர்கள். நழுவுவது குறைவு. ஆனால் இடுப்பைத் தாங்கும் தசையைத் தொடுவதால் சிலருக்குச் சாய்ந்த நடை வந்துவிடுகிறது. இன்னொன்று: 1960களில் இங்கிலாந்து அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லி தொடை எலும்பின் மேல்முனைப் புடைப்பையே அறுத்து ஒதுக்கி, மூட்டைப் பொருத்தியபின் கம்பியால் கட்டினார். அப்படி வைத்தவற்றில் பல இருபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தன. எந்த வாசலால் நுழைந்தார்கள் என்பதா முக்கியம்? இடுப்பெலும்பில் பொருத்தும் செயற்கைக் கிண்ணத்தைச் சரியான கோணத்தில் வைத்தார்களா என்று கேளுங்கள்.

தாம்பரம் பிசியோ:
அதேதான். பெரம்பூர்க்காரரே, அப்பாவின் எடை என்ன?

பெரம்பூர் மகன்:
95 கிலோ. தொப்பை உண்டு.

தாம்பரம் பிசியோ:
உட்காரும்போது வயிற்று மடிப்பு முன்பக்கக் காயத்தின் மேல் விழும், ஆறுவது தாமதமாகலாம். அண்ணா நகர் மருத்துவரிடம் இதையும், ஆண்டுக்கு எத்தனை பேருக்கு முன்பக்கமாகச் செய்கிறார் என்பதையும் நேரடியாகக் கேளுங்கள்.

நங்கநல்லூர் சந்திரா:
கீழ்ப்பாக்கத்தாரிடமும் கேளுங்கள், அவர் செய்ததில் எத்தனை நழுவியது என்று.