ஹாலே நகருக்கு அம்மாவோடு போகிறேன், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. ஜூன் மாதம் அம்மாவை ஜெர்மனியில் உள்ள ஹாலே நகருக்கு அழைத்துப் போகிறேன். லைப்சிக்கில் தங்கி, மூன்று நாளும் ரயிலில் போய் வரலாம் என்று எண்ணம்.

அம்மாவுக்குச் சொந்த ஊர் தரங்கம்பாடி. 1706-ல் அங்கே வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்கு படித்த ஊர் ஹாலே. தரங்கம்பாடி அச்சகத்துக்கு முதல் தமிழ் எழுத்துகளை வார்த்து அனுப்பியதும் அங்கிருந்துதான். தரங்கம்பாடியிலிருந்து போன ஓலைச்சுவடிகள் இன்றும் ஹாலேயில் உள்ள ஃபிராங்கே அறநிலையத்தின் காப்பகத்தில் இருக்கின்றன. தாத்தாவின் ஜாதக ஓலையை மஞ்சள் துணியில் சுற்றி, பீரோவின் மேல்தட்டில் பத்திரமாக வைத்திருப்பவர் அம்மா. அந்தச் சுவடிகளில் ஒன்றையாவது அவர் கண்ணால் பார்க்க வேண்டும். ஆய்வாளர் அல்லாதவர்களுக்குக் காட்டுவார்களா? முன்கூட்டியே யாருக்கு, எப்படி எழுதிக் கேட்பது?

இன்னொன்று, இசை. இசையமைப்பாளர் ஹாண்டல் 1685-ல் பிறந்த ஊர் இது. சந்தைத் தேவாலயத்தில் அவர் சிறுவயதில் பழகிய சின்ன ஆர்கன் இன்னும் இருக்கிறது. அதை வாசிக்கும் நேரம் தெரிந்தால் அன்றைக்கே போவோம். ஹாண்டல் விழாவுக்குக் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைக்குமா?

அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி உண்டு. கல் பாவிய தெருக்களில் நடக்க முடியுமா, டிராம் வசதி எப்படி என்று போய் வந்தவர்கள் சொல்லுங்கள். சுத்த சைவம் என்பதால் சாப்பாட்டுக்கும் ஒரு வழி சொன்னால் பெரிய உதவி.