புதுப்பிப்பு: அந்தச் சிங்கிளுக்குத் தனிக் கட்டுரை தேவையில்லை, வழிமாற்று போதும்

முந்தைய இழையின் கேள்வி: பாடல் தரவரிசையின் அடிமட்டத்தில் தலைகாட்டிவிட்டுப் போன, எந்த ஆல்பத்திலும் சேராத ஒரு சிங்கிளுக்கு (தனியாக வெளியான பாடலுக்கு) ஆங்கில விக்கிப்பீடியாவில் தனிக் கட்டுரை நிற்குமா? ஆதாரங்களைத் தேடி முடித்தாயிற்று. நிற்காது.

தரவரிசையில் இடம்பிடித்தது அங்கே ஓர் அறிகுறி மட்டுமே. பாடகருக்கும் இசை நிறுவனத்துக்கும் தொடர்பில்லாத, ஒன்றுக்கு மேற்பட்ட நம்பகமான வெளியீடுகள் அந்தப் பாடலைப் பற்றியே விரிவாக எழுதியிருக்க வேண்டும். ஆல்பம் விமர்சனத்தில் வரும் இரண்டு வரிகளோ, பாடகரே பேட்டியில் சொன்னதோ கணக்கில் சேராது.

கிடைத்தது இசைத்துறை வணிக இதழ் ஒன்றின் ஒற்றை வரிக் குறிப்பும் நிறுவன விளம்பரமும்தான். டிஸ்காக்ஸ் என்ற இசைத்தட்டுத் தரவுத்தளத்தின் பதிவைப் பயனர்களே நிரப்புவதால் அது சான்றாகாது. ஆனால் அதிலுள்ள தட்டு எண்ணும் வெளியீட்டு மாதமும் தேடலுக்கு உதவும். ஸ்கேன் செய்த பழைய இதழ்களில் எழுத்துகள் தப்பாகப் பதிவாகியிருக்கும், தேடுபொறி கைவிட்டுவிடும். வெளியீட்டை ஒட்டிய சில வார இதழ்களையாவது பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்ப்பதே ஒழுங்கான தேடல்.

நீக்குவதைவிட, பாடகர் பக்கத்துக்கு வழிமாற்றுவதே, அதாவது கட்டுரையைத் திறப்பவரை நேரே அந்தப் பக்கத்துக்கு அனுப்புவதே, என் முடிவு. கட்டுரையின் பழைய தொகுப்பு வரலாறு அப்படியே இருக்கும். நாளை நல்ல சான்று கிடைத்தால் கட்டுரையை மீட்டுவிடலாம். சான்றுள்ள வரிகளைப் பாடகர் பக்கத்துக்கு நகர்த்தும்போது, தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்தைச் சேமிக்கும்போது எழுதும் சிறு குறிப்பில்) மூலக் கட்டுரையின் பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். அதை எழுதியவர்கள் யார் என்று காட்ட விக்கிப்பீடியாவின் உரிமம் கேட்பது அது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள். காப்புரிமையுள்ள உறைப்படம் எந்தக் கட்டுரையிலும் பயன்படாமல் போனால், பயன்படாதது என்று குறியிட்ட 7 நாள்களுக்குப் பிறகு நீக்கப்பட்டுவிடும்.